தொட்டி மேல் ஏறிய மரங்கள்

டமாரத்துக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அந்தப் பெயர் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவள் டமாரம்தான்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. ஒரு முறை, பக்கத்து வீட்டுத் தையல் அத்தை தன் வீட்டுக்காரருக்காக ரகசியமாக ஒரு சட்டை தைத்தாள். அதற்குப் பொத்தான் வைப்பதற்கு முன்பே, அது என்ன நிறம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உன் வாய் என்ன ஓட்டை வாளியா?" என்று அத்தை கேட்டாள்.

"நான் ரகசியமாத்தான் அத்தை சொன்னேன்," என்றாள் டமாரம். "அவர் காதுல மட்டும்."

அப்படிப்பட்டவள், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாயே திறக்கவில்லை.

அம்மா தட்டில் சாப்பாடு போட்டாள். டமாரம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

"பல்லு வலியா?"

"இல்ல."

"பள்ளிக்கூடத்துல சண்டையா?"

"இல்லம்மா."

"அப்ப வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா? சாவி எங்க?"

வேறு நாளாக இருந்தால் டமாரம் சிரித்திருப்பாள். இன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மாவின் போன் அலமாரி மேல் கிடந்தது. அவள் கண் அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த போனுக்குள் ஒரு குரல் இருந்தது. அதை அவள் மட்டும்தான் கேட்டிருந்தாள்.

அந்த ஊரில் எல்லாருக்கும் கையகல நிலம்தான். சரிவுக்குக் கீழே, பள்ளத்தில், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வருஷா வருஷம் காற்றுக் காலத்தில் மேல்மண் பறந்துபோகும். விதைத்ததும் கூடவே பறக்கும். "நம்ம நிலத்தப் பாக்கணும்னா பக்கத்து ஊருக்குத்தான் போகணும்," என்று கண்ணாடி மாமா சொல்வார். அவருடைய மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி இல்லை, நூல்தான்.

அதனால் எல்லாரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, வரப்பு ஓரமெல்லாம் மரம் நட முடிவு செய்தார்கள். மரத் திட்ட ஆபீஸ் கன்றுகள் கொடுத்தது. ஒவ்வொரு கன்றிலும் எண் எழுதிய பட்டை ஒன்று கட்டியிருந்தது. நட்ட பிறகு அந்தக் கன்றைப் படம் எடுத்து, எண்ணைப் போட்டு, போனில் இருக்கும் செயலியில் பதிய வேண்டும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் இருப்பவர்கள் வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

செயலியை எல்லார் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. தொட்டால் போன் வெடித்துவிடும் என்பது போலக் கண்ணாடி மாமா ஒதுங்கியே இருந்தார்.

"போன் வேலைய என் பொண்ணு பாத்துக்குவா," என்று கூட்டத்தில் அம்மா சொன்னாள். உடனே அம்மாவையே குழுத் தலைவி ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு அம்மா நடந்த நடையே வேறு.

டமாரமும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் வயல் வயலாகப் போய் எல்லாக் கன்றையும் படம் எடுத்தாள். ஆனால் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. செயலியைத் திறந்தாலே 'இணைப்பு இல்லை' என்று சிவப்பு எழுத்து முறைத்தது. பதிந்தால் எல்லாம் அழிந்துபோகுமோ என்று பயந்தாள். அதனால் வெறும் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறினாள். ஊரிலேயே அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். தொட்டிப் படியில் உட்கார்ந்து, கால் ஆட்டிக்கொண்டே, ஒவ்வொரு மரமாகப் பதிந்தாள்.

கடைசியில் ஒரு கன்று மிச்சமாக இருந்தது. வண்டியில் வரும்போதே முதுகு வளைந்துவிட்ட கூனல் கன்று. "அது பிழைக்காது, தூக்கிப் போடு," என்றார்கள். டமாரத்துக்கு மனசு வரவில்லை. தொட்டிக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் அதை நட்டு, முட்டுக்கு ஒரு குச்சி கொடுத்து, அதையும் பதிந்தாள்.

அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தாள். இன்று சாயங்காலம் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அவள் சும்மா தொட்டிக்குப் போனபோது, டிங் என்று அந்தக் குரல் செய்தி வந்து விழுந்தது.

"வணக்கம்மா. மரத் திட்ட ஆபீஸ்ல இருந்து பேசுறேன். உங்க குழு பதிஞ்ச மரம் அத்தனையும் வரைபடத்துல ஒரே இடத்துல இருக்கு. ஒரு தண்ணித் தொட்டி மேல. நட்டாங்களா, இல்ல சும்மா படம் காட்டுறாங்களான்னு மேலிடத்துல கேக்குறாங்க. நாளைக்கு மதியம் எங்க ஆள் வருவாங்க. அதுவரைக்கும் இப்படியே இருந்தா அடுத்த லோடு கன்னு வேற குழுவுக்குப் போயிடும்."

அடுத்த லோடு என்றால் பழ மரங்கள். கொய்யாவும் எலுமிச்சையும். அதற்காக எல்லாரும் இடுப்பு ஒடியக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். வயலெங்கும் குழிகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன.

'அம்மா பொய் சொன்னாங்கன்னு நினைச்சுட்டாங்க. தப்பு பண்ணது நான். பதியுற இடத்தத்தான் போன் எழுதிக்குது போல.'

அதுதான் டமாரத்தின் வாயைப் பூட்டியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பினாள்.

"அம்மா, போன் நான் வச்சுக்கட்டுமா?"

"எதுக்கு? தண்ணி ஊத்திட்டு மேட்டுக்குப் போய், லாரியில இருக்கிற அப்பாகிட்ட பேசணுமே."

"மரம்... மரத்தப் பாக்கணும்."

பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. டமாரத்தின் காது சூடானது.

பள்ளத்துக்கு ஓடினாள். அவர்கள் வயலின் முதல் கன்றுக்குப் பக்கத்தில் நின்று செயலியைத் திறந்தாள். 'இணைப்பு இல்லை.' அதே சிவப்பு எழுத்து. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோதுதான், அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழே எறும்பு ஊர்வது போல இன்னொரு வரி இருப்பது தெரிந்தது. அதை அவள் ஒரு நாளும் படித்ததில்லை.

'பதிவு போனில் இருக்கும். இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்.'

"அடப்பாவி," என்று டமாரம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி இருந்தது. அதைச் சுற்றிப் பெரிய வட்டம். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை; ஆனால் அவள் நாலு எட்டு நடந்தால் புள்ளியும் கொஞ்சம் நகர்ந்தது. திரும்பினால் அதுவும் திரும்பியது. டவர் இல்லாமல் இதற்கு எப்படித் தெரியும்?

அண்ணாந்து பார்த்தாள். வானம்தான் இருந்தது. செயற்கைக்கோள் பற்றி அறிவியல் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. இடத்தைச் சொல்வது மேலே சுற்றுகிற அது. செய்தியைக் கொண்டுபோவதுதான் டவர். இரண்டும் வேறு வேறு!

போனை வானத்துக்குக் காட்டி அசையாமல் நின்றாள். வட்டம் மெதுவாகச் சுருங்கியது. சுருங்கிச் சுருங்கி, கன்றின் காலடியில் வந்து நின்றது. எண்ணைப் போட்டாள். 'மறுபடி பதி' என்ற பொத்தானை அழுத்தினாள். போன் வரைபடத்தில், தொட்டி மேல் இருந்த மரம் கீழே இறங்கி, தன் இடத்தில் வந்து நின்றது.

டமாரத்துக்கு உயிர் வந்தது. அடுத்த கன்றுக்கு ஓடினாள்.

"என்ன டமாரம், வானத்துக்குப் போன் பண்றியா?" வரப்பில் போன கண்ணாடி மாமா கேட்டார். "மழை எப்பன்னு எனக்கும் சேத்துக் கேளு."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினாள். "சரி மாமா," என்று மட்டும் சொன்னாள். மாமா அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வட்டம் சுருங்க ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டியிருந்தது. வெயில் ஏறியது. அவள் நிழல் குட்டையாகிக்கொண்டே வந்தது. சொந்த வயலையே இன்னும் முடிக்கவில்லை. போனைப் பார்த்தாள். பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது.

டமாரம் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி மாமா வயல், தையல் அத்தை வயல், அதற்கு அப்பால் கோழிக்காரர் வயல், இன்னும் அப்பால். வரப்பு வரப்பாக மரங்கள். ஒரு போன். ஒரு டமாரம்.

முடியாது. தனியாக முடியவே முடியாது.

வரப்பு முனையில் அம்மா குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே போக டமாரத்தின் கால்கள் மறுத்தன. கால்களை இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நீங்க திட்டுங்க, அடிங்க, என்ன வேணா பண்ணுங்க. ஆனா இத முதல்ல கேளுங்க."

சேமித்து வைத்திருந்த அந்தக் குரலை ஓட விட்டாள். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் வெளுத்தது. கையில் இருந்த வாளி சாய்ந்து, தண்ணீர் அவள் காலிலேயே கொட்டியது.

"எப்ப வந்துச்சு இது?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து சொல்லியிருந்தா..." அம்மா பாதியில் நிறுத்தினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். "ராத்திரி பூரா இத வயித்துல வச்சுக்கிட்டா படுத்திருந்த?"

டமாரம் தலையாட்டினாள். கண்ணீர் மூக்கு நுனி வரை வந்து நின்றது.

"சரி. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். என்ன பண்ணணும், சொல்லு."

"எல்லாரும் வேணும்மா. எல்லார் போனும் வேணும்."

"எப்படிக் கூப்பிடுறது? பள்ளத்துல யாருக்கும் போன் போகாதே."

டமாரம் கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கு எதுக்கும்மா போன்?"

போனை வாளிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு மேட்டுக்கு ஓடி, தொட்டிப் படியில் ஏறி நின்றாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். நேற்றிலிருந்து அடைத்து வைத்திருந்த சத்தம் மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"எல்லாரும் வாங்கோ! போன எடுத்துக்கிட்டு வாங்கோ! நம்ம மரம் எல்லாம் தொட்டி மேல நிக்குதாம்!"

கோழிக்காரர் வீட்டுக் கோழிகள் கூரை மேல் ஏறிவிட்டன. ஆட்கள் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். கண்ணாடி மாமா வந்ததும் வராததுமாகத் தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"எங்க? ஒண்ணையும் காணோமே."

டமாரம் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் மாமாவின் முகம் சிவந்தது.

"சின்னப் புள்ள கையில போனக் கொடுத்தா இப்படித்தான் ஆகும். நான் வெட்டின குழியெல்லாம் என்ன ஆகுறது? உள்ள இறங்கி நானே நிக்கவா?"

"தலைவி நான்தான் அண்ணே," என்றாள் அம்மா. "திட்டுறத என்னத் திட்டுங்க. ஆனா மதியத்துக்கு மேல திட்டுங்க. இப்ப நேரம் இல்ல."

தையல் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நம்ம ஆளுக்கு ஒரு போனத் தூக்கியிருந்தா இந்தப் புள்ள ஏன் தனியா மாட்டிக்குது? சொல்லு டமாரம், எதை அமுக்கணும்?"

அடுத்த கொஞ்ச நேரம் டமாரம்தான் டீச்சர். "கன்னுக்குப் பக்கத்துலயே நில்லுங்க. போன வானத்துக்குக் காட்டுங்க. வட்டம் சுருங்குற வரைக்கும் அசையக் கூடாது. எண்ணப் போட்டு 'மறுபடி பதி'ய அமுக்குங்க. சிவப்பு எழுத்து வந்தா பயப்படாதீங்க. முடிச்சுட்டு இங்க மேட்டுக்கு வாங்க, அது தானா போயிடும்."

எல்லாரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். தையல் அத்தை ஊசியில் நூல் கோப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணாடி மாமா நின்ற இடம் எறும்புப் புற்று.

"டமாரம்! எறும்பு கடிக்குது!"

"அசையாதீங்க மாமா!"

"கால மட்டும் தூக்கலாமா?"

"ஒரு கால மட்டும்!"

ஒற்றைக் காலில், ஒரு கையை வானத்துக்கு நீட்டி, மாமா கொக்கு மாதிரி நின்றார்.

யார் எந்த எண்ணை முடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு டமாரம் வயல் வயலாக ஓடினாள். பாதி வேலைகூட முடிந்திருக்காது. மேட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மதியம் என்றுதானே சொன்னார்கள்? இன்னும் மதியமே ஆகவில்லையே!

டமாரம் போட்டது போட்டபடி ஓடினாள். சரிவில் மூச்சுத் திணற ஏறினாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் அகலமான திரை இருந்தது. முகத்தில் சிரிப்பே இல்லை.

"பெரியவங்க யாரும் இல்லையா?"

"எல்லாரும் வயல்ல நிக்கிறாங்க அக்கா."

"என்ன வேலை செய்யிறாங்க?"

"நிக்கிறதுதான் வேலை."

அந்த அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வரப்புக்கு வரப்பு ஆட்கள் கையை உயர்த்திக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். ஒருவர் ஒற்றைக் காலில்.

"இங்க பாரு." அக்கா திரையைக் காட்டினார். தொட்டி இருந்த இடத்தில் பச்சைப் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஈ மொய்ப்பது போலக் குவிந்து கிடந்தன. "இன்னும் அப்படியேதான் இருக்கு. இத வச்சு நான் என்ன எழுதுறது?"

டமாரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தப்பு நான் பண்ணது அக்கா. கீழ படம் எடுத்தேன், இங்க உக்காந்து பதிஞ்சேன். எங்க அம்மா பொய் சொல்லல. மரம் எல்லாம் நிஜம். இப்ப சரி பண்ணிக்கிட்டு இருக்கோம். கொஞ்ச நேரம் நில்லுங்க. தண்ணி வேணுமா?"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். டமாரத்தின் மண் அப்பிய காலைப் பார்த்தார். வண்டியை நிழலில் நிறுத்தினார்.

"தண்ணி கொடு," என்றார்.

அவர் குடித்து முடித்தும் யாரும் வரவில்லை. டமாரம் நகத்தைக் கடித்தாள். பத்து விரலும் முடிந்தது. ஒருவழியாகத் தையல் அத்தையின் தலை சரிவில் தெரிந்தது. தொட்டியை நெருங்கியதும் அத்தையின் போன் டிங் என்றது. மறுபடி டிங். டிங் டிங் டிங்.

திரையில், குவியலில் இருந்து ஒரு புள்ளி துள்ளி எழுந்து பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொன்று. இன்னொன்று. வரப்பு ஓரமாகப் பச்சைக் கோடு ஒன்று ஓட ஆரம்பித்தது.

"அட!" என்றார் அக்கா.

கோழிக்காரர் வந்தார். டிங் டிங். கண்ணாடி மாமா நொண்டிக்கொண்டே வந்தார். டிங் டிங் டிங். "அது என்னோடது! அதும் என்னோடது!" என்று குழந்தை மாதிரி திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொருவராக ஏறி வர வர, தொட்டி மேல் இருந்த மரங்கள் பறவைக் கூட்டம் போலக் கலைந்து வயலில் இறங்கின.

கடைசியாக அம்மா வந்தாள். அவள் போன் டிங் என்று சொல்லவே இல்லை. திரை கறுப்பாகக் கிடந்தது.

"அணைஞ்சு போச்சு," என்றாள் அம்மா. குரலே எழவில்லை. "கடைசி மரத்தையும் பதிஞ்சேன். அப்படியே அணைஞ்சிடுச்சு."

அக்கா தன் வண்டிப் பையைத் துழாவினார். கறுப்பு டப்பா ஒன்றையும் வயரையும் எடுத்து அம்மாவின் போனில் செருகினார். போன் கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க டமாரம் மூச்சே விடவில்லை.

டிங்.

எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். மிச்சப் புள்ளிகளும் மளமளவென்று இறங்கின. ஒன்றைத் தவிர. அது தொட்டியை விட்டு நகரவே இல்லை.

"ஒண்ணு இறங்கலயே," என்றார் அக்கா.

"ஐயையோ, யாரோட மரம் அது?" கண்ணாடி மாமா நூலை இழுத்துக் கண்ணாடியைச் சரி செய்தார். "எல்லாரும் அவங்கவங்க போனப் பாருங்க!"

அக்கா புள்ளியைப் பெரிதாக்கி எண்ணைப் படித்தார். டமாரத்தின் முகம் மலர்ந்தது.

"அக்கா, இங்க வாங்க!"

அவர் கையைப் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் சொட்டுகிற இடத்தில், குச்சியில் சாய்ந்துகொண்டு கூனல் கன்று நின்றது. உச்சியில் புதிதாக இரண்டு இலை விட்டிருந்தது. பட்டையில் அதே எண்.

அக்கா முதல் தடவையாகச் சிரித்தார்.

"முதல்லயே நீ சரியாப் பதிஞ்சது இது ஒண்ணுதான்," என்றார். பிறகு குனிந்து, அவள் காதருகே சொன்னார். "அடுத்த லோடு உங்க குழுவுக்குத்தான். திங்கக்கிழமை ஆபீஸ்ல இருந்து முறையா சொல்லுவாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. ரகசியம். சரியா?"

"சரி அக்கா," என்றாள் டமாரம்.

இருவரும் முன்பக்கம் வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் தலையசைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார். யாருக்கும் எதுவும் கேட்கத் தைரியம் இல்லை. வண்டி கிளம்பியது.

"என்ன சொன்னாங்க?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். அவள் விரல்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. குழி வெட்டியவர்கள் எல்லாரும் டமாரத்தின் வாயையே பார்த்தார்கள்.

டமாரம் அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பின.

மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பி மறைந்தது.

அடுத்த நொடியே கோழிக்காரர் வீட்டுக் கோழிகள் மறுபடியும் கூரை மேல் ஏறின.